மூன்றாவது நாற்காலி

மார்ச் 2

சம்பந்தி அம்மாவுக்கு வணக்கம்.

நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு அசிங்கத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நீங்கள் ஆசையாக அனுப்பிய போட்டோ, நீங்களும் என் பெண்ணும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்பீர்களே, அதை பிரேம் போட்டு ஹாலில் வைத்திருந்தேன். உங்கள் பாதியை மட்டும் பின்பக்கம் மடித்துவிட்டேன். வெட்டவில்லை. அந்த அளவுக்கு நான் மோசமானவள் இல்லை. மடித்தேன், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கை மடங்க மறுத்துவிட்டது. என் பெண்ணின் தோளில் உடம்பே இல்லாமல் ஒரு கை, வளையலோடு. வருகிறவர்கள் எல்லாம் "இது யார் கை?" என்று கேட்டார்கள். போட்டோ எடுத்தவர் கை என்று சொல்லிச் சமாளித்துவந்தேன்.

நேற்று எதிர்வீட்டுக்காரி "தூசு படிஞ்சிருக்கே" என்று பிரேமை எடுத்தாள், கீழே போட்டாள். கண்ணாடி உடைந்து, மடிப்பு பிரிந்து, நீங்கள் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "போட்டோ எடுத்தவர் நல்லா கம்மல் போட்டிருக்காரே" என்றாள். அவளுடைய நாத்தனார் உங்கள் ஊரில்தான் இருக்கிறாள். அந்த வழியாகச் செய்தி வந்து சேர்வதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று பட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் நாம் போனில் பேசிக்கொண்ட அழகைக் கேட்டுவிட்டு என் பெண் போட்ட உத்தரவு உங்களுக்கும் தெரியும். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கக் கூடாது. எழுதுங்க. கை வலிச்சாவது நிறுத்துவீங்க." எனக்கு இதுவரை கை வலிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் மண்டபத்தில் ஏதோ மேஜை அலங்காரக் கண்காட்சியாம். பார்வை இல்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு பஸ் வாங்குவதற்காம். இந்த வருஷம் என் பெண்ணும் ஒரு மேஜை எடுத்திருக்கிறாளாம். பஸ் ஏறுகிற அவசரத்தில் பாதி வாக்கியமாகச் சொன்னாள். அந்தப் பாதியில் "மூணு நாற்காலி" என்று ஒரு வார்த்தை வந்தது. ஒன்று அவளுக்கு. ஒன்று மாப்பிள்ளைக்கு. மூன்றாவது யாருக்கு என்று சும்மா தெரிந்துகொள்ளலாமே என்றுதான் கேட்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவு சொல்லி வைத்திருக்கிறேன், ரயில் நேரம் பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 7

சம்பந்தி அம்மாவுக்கு,

அந்தக் கை என்னுடையதுதான். உங்கள் பெண்தான் இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நானாகப் போடவில்லை. புது பிரேமில் மறுபடி மடிப்பதாக இருந்தால், மடிக்கிற இடத்தில் நகத்தால் அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடியுங்கள். அப்போதுதான் கையும் சேர்ந்து போகும். தையல் கடை வைத்திருப்பவள் சொல்கிறேன், நம்புங்கள்.

கண்காட்சியைப் பற்றிக் கேட்டீர்கள். ஒவ்வொரு குடும்பமும் கடையும் ஒரு மேஜை எடுத்துக்கொள்ளும். தட்டு, டம்ளர், விரிப்பு, பூ எல்லாம் வைத்து அவரவர் கற்பனைக்கு ஜோடிப்பார்கள். போன வருஷம் பல் டாக்டர் டம்ளரில் எல்லாம் பல் துலக்கும் பிரஷ் வைத்திருந்தார். யாருக்கும் பசிக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் மேஜை நடுவில் தண்ணீர்க் குழாயைப் பாம்பு மாதிரி ஓடவிட்டிருந்தார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு மரக் கரண்டி கொடுப்பார்கள். எந்த மேஜை பிடிக்கிறதோ அங்கே இருக்கிற ஜாடியில் போட்டுவிட்டுப் போவார்கள். எந்த ஜாடியில் கரண்டி அதிகமோ அவர்களுக்குக் கைதட்டு.

இதில் முக்கியமானது கடைசி நாள் சாயங்காலம். மேஜை போட்டவர்கள் அவரவர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யார் யாருக்கு நாற்காலி போட்டார்களோ அவர்கள் மட்டும். மற்றவர்கள் எல்லாம் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்க்கவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குத் தூண் பக்கத்தில் இருக்கிற சின்ன மேஜைதான் கிடைக்கும். அதற்கு மூன்று நாற்காலிக்கு மேல் போட முடியாது.

மூன்றாவது யாருக்கு என்று கேட்டீர்கள். நான் ரெண்டு தெரு தள்ளி இருக்கிறேன். நீங்கள் ஒரு பகல் முழுக்க ரயிலில் வரவேண்டும். இதற்கு மேல் நான் என்ன சொல்வது. மருமகள் கை துடைக்கும் துணி மூன்று தைக்கச் சொல்லியிருக்கிறாள். தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் மட்டும் ஓரத்துக்குப் பச்சை நூல். எனக்குப் பச்சை பிடிக்கும்.

இப்படிக்கு,
பெண் இருக்கும் ஊர்க்காரி


மார்ச் 12

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் பச்சை நூல் வந்து சேர்ந்தது. நேராக வயிற்றுக்குள் போய் முடிச்சு விழுந்து கிடக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கடையில் ஒரு பெரியவருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதாம்மா எல்லாம் சரியா தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கண்ணாடிக்குச் சொந்தக்காரர் இன்னும் தடவிக்கொண்டு வந்து திட்டிவிட்டுப் போகிறார். முதலாளி என்னைப் பார்க்கிற பார்வைக்கு எந்த லென்சும் போதாது.

பெண்ணிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"மூணாவது நாற்காலி யாருக்குடி?"

"வந்து பாரும்மா."

"வந்து பாருன்னா உக்காந்து பாக்கறதா, நின்னு பாக்கறதா?"

"அம்மா, பேஷண்ட் வெயிட் பண்றாங்க. கால நீட்டி வெச்சுட்டு வந்திருக்கேன்."

வைத்துவிட்டாள். நீட்டி வைத்தது பேஷண்டின் காலை என்று நினைக்கிறேன். ஊரில் உள்ளவர்களின் மூட்டுகளையெல்லாம் மடக்கி நீட்டிச் சரிசெய்கிறாள், பெற்றவளுக்கு ஒரு நேரான பதில் கிடையாது.

வீட்டில் இருப்பவரிடம் சொல்லி அழலாம் என்று பார்த்தேன். "நம்ம பொண்ணு சம்பந்தியம்மாவைத்தான் உக்கார வைக்கப் போறா போலிருக்கு" என்றேன். "ம்" என்றார். "எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தீங்களா?" என்றேன். "ம்" என்றார். அந்த மனிதரோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். சுவரிலாவது காரை உதிரும்.

இத்துடன் மூன்று கண்ணாடி டம்ளர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். என் பெண் சின்ன வயதில் பால் குடிக்க அடம் பிடித்தபோது, அடியில் பூப்போட்ட டம்ளர் வாங்கி, பூ தெரிகிறவரைக்கும் குடி என்று ஏமாற்றிக் குடிக்க வைப்பேன். அதே டம்ளர்கள். மேஜையில் அவை இருக்கவேண்டும். நான் இல்லாவிட்டாலும் என் டம்ளராவது உட்காரட்டும்.

இப்படிக்கு,
டம்ளர்களின் சொந்தக்காரி


மார்ச் 18

சம்பந்தி அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. இரண்டு டம்ளர் முழுசாக இருந்தன. ஒன்று உடைந்திருந்தது. நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். பார்சலை நான் பிரிக்கவில்லை, மருமகள்தான் பிரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். என் முகத்தில் வருத்தம் தெரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்றைக்கு எழுத வந்தது வேறு. நேற்று விரிப்பின் தொங்கல் அளவு எடுக்கவேண்டும் என்று சாக்கு சொல்லி மண்டபத்துக்குப் போனேன். மேஜை மேலே பழைய பெட்ஷீட் போட்டு மூடி வைத்திருக்கிறாள். சுற்றிலும் யாரும் இல்லை. தீயணைப்புக்காரர் ஒருவர் மட்டும் தூரத்தில் ஏணியை முறைத்துக்கொண்டு நின்றார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.

இரண்டு இடத்தில் தட்டு இருக்கிறது. மூன்றாவது இடத்தில் தட்டு இல்லை. ஒரு சின்ன மரத் தாங்கிதான் இருக்கிறது, போட்டோவைச் சாய்த்து வைப்பார்களே, அந்த மாதிரி. அதன் முன்னால் என் பச்சை நூல் துணியை மடித்து வைத்திருக்கிறாள்.

ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்கு எதற்குப் போட்டோ. தூரத்தில் இருக்கிறவளுக்குத்தான் போட்டோ. புரிந்துவிட்டது. நான் தைத்த துணிக்கு முன்னால் நீங்கள் உட்காரப் போகிறீர்கள்.

கடைக்குத் திரும்பி வந்து ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிகிறது என்று எழுதத் தெரியாமல் இல்லை. எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால் எழுதவில்லை.

இப்படிக்கு,
துணி தைத்தவள்


மார்ச் 21

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை.

முதலில் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. உயிரோடு இருக்கிறவளைப் போட்டோவாக்கி உட்கார வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், பாவம் எப்போது போனாள் என்று கேட்கமாட்டார்களா. அப்புறம் யோசித்தேன். நேரில் வந்தால் ஒரு நாள் சாயங்காலம் மட்டும் உட்காரலாம். போட்டோவாக இருந்தால் கண்காட்சி நடக்கிற அத்தனை நாளும் உட்காரலாம். லீவை ரத்து செய்துவிட்டேன். செருப்பைக் கடையில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம் இருக்கிற என் போட்டோவில் எனக்கு இரண்டு தாடை. அதனால் ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். போட்டோ எடுத்தவரிடம் கை எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் மனதைத் தளரவிடக் கூடாது. கயிற்றுக்குப் பின்னால் இருந்து பார்த்தாலும் நன்றாகவே தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் சொல்லுங்கள், தூரப்பார்வைக்கு நல்ல லென்ஸ் வந்திருக்கிறது. எனக்குக் கடையில் தள்ளுபடி உண்டு.

இப்படிக்கு,
மூன்றாவது நாற்காலி


மார்ச் 30

சம்பந்தி அம்மாவுக்கு,

லென்ஸ் வேண்டாம். எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

பெட்ஷீட்டை எடுத்ததும் நான் முதலில் பார்த்தது அந்தத் தாங்கியைத்தான். அதில் உங்கள் போட்டோ இல்லை. ஒரு போன் சாய்ந்துகொண்டிருந்தது. செல்போன்தான். அதன் கழுத்து மாதிரி இருக்கிற இடத்தில் என் பச்சை நூல் துணியைக் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டிருந்தாள். முன்னால் ஒரு குட்டிக் கிண்ணத்தில் சூப், ஒரு கரண்டி. நாற்காலிக்கு மெத்தை வேறு. மற்ற இரண்டு தட்டும் நேராக இல்லை, அந்தப் போனைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அட்டையில் "எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு" என்று எழுதி, அதற்குக் கீழே "நாங்கள் இருவர், தினம் ஒரு விருந்தாளி" என்று போட்டிருந்தாள்.

ஜனம் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்வது. ஒரு அம்மா தன் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்து, "பாத்தீங்களா, நம்ம வீடு" என்றாள். கரண்டி விழுந்துகொண்டே இருந்தது. ஜாடி நிறைந்து, அப்புறம் பல் டாக்டரின் வாளியைக் கடன் வாங்கினார்கள். மருமகளுக்குத்தான் முதல் கைதட்டு.

பார்த்தவர்கள் என்னிடம் வந்து, "யாருங்க அந்த விருந்தாளி?" என்று கேட்டார்கள். "பொண்ணோட அம்மா. வெளியூர். தினமும் கூப்பிடுவாங்க" என்று சொன்னேன். ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

கடைசி நாள் சாயங்காலம் சாப்பாட்டுக்கு அவர்கள் உட்கார்ந்தபோது கயிற்றுக்குப் பின்னால்தான் நின்றேன். காகிதத் தட்டில் ரொட்டி கொடுத்தார்கள். சூப் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். உங்கள் ஸ்டுடியோ போட்டோ அவளுடைய கைப்பையில் உறையோடு இருந்தது. தாடை ஒன்றுதான் தெரிகிறது.

இப்படிக்கு,
கயிற்றுக்குப் பின்னால் நின்றவள்


ஏப்ரல் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாள் கிழித்துவிட்டேன்.

என் பெண் என்னை ஊருக்கு முன்னால் ஒரு கேலியாக்கி, கழுத்தில் துணி கட்டி உட்கார வைப்பாள் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிடுவது தப்பா. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு நடக்கிறபோது கூப்பிடுவேன். என்ன சாப்பிட்டாய், முதுகு வலி எப்படி, மழையா. வேறென்ன கேட்கப் போகிறேன். ஒரு தாய் அதைக் கேட்டால் ஊரே கரண்டி போட்டுச் சிரிக்கிற அளவுக்கு அது நகைச்சுவையா.

ஆனால் நீங்கள் ஒன்று மறந்துவிட்டீர்கள். கரண்டி யாருக்கு விழுந்தது என்று யோசியுங்கள். நாற்காலி என்னுடையது என்றால் வாளியும் என்னுடையதுதான். அதை எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதேன். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் செய்ய முடிகிறது என்பது எனக்கே புதிது.

அன்றிலிருந்து நான் அவளைக் கூப்பிடவில்லை. நடக்கிறபோது கையைப் பைக்குள் போட்டுப் போனைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன். எடுக்கவில்லை. இனி எடுக்கவும் மாட்டேன். நாற்காலி காலி. நீங்கள் ரெண்டு தெரு நடந்து போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெற்றவள்


ஏப்ரல் 8

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நானும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நானும் தினமும் ராத்திரி அவர்களைக் கூப்பிடுவேன். கேஸை மூடியாச்சா, பின்கதவைப் பூட்டியாச்சா என்று கேட்பேன். இங்கே நான் தனி ஆள். என் வீட்டில் கேட்பதற்கு ஒரே ஒரு கேஸ், ஒரே ஒரு கதவு. அது சீக்கிரம் முடிந்துவிடும். மண்டபத்தில் எல்லோரிடமும் "பொண்ணோட அம்மா" என்று சொன்னேனே, சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தேன். அது நானாக இருந்தால்? என்னைப் பற்றி நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேனா என்று வெட்கமாகப் போய்விட்டது.

நேற்று மருமகள் கடைக்கு வந்து நின்றாள்.

"அத்தை, உடம்பு சரியில்லையா? நீங்களும் கூப்பிடல, அம்மாவும் கூப்பிடல. என்னதான் ஆச்சு ரெண்டு பேருக்கும்?"

"அந்த நாற்காலியில இருந்தது நான்தானே? மறைக்காம சொல்லு."

அவள் சிரித்தாள். தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "நீங்க கூப்பிடறப்ப நாங்க தட்டெல்லாம் கழுவிக் கவுத்திருப்போம் அத்தை. அம்மா கூப்பிடறப்ப நான் பஸ்ல தொங்கிட்டிருப்பேன். சாப்பாட்டு நேரத்துல நீங்க ரெண்டு பேருமே வர்றதில்ல."

"அப்ப யாரு?"

"உங்க பையனைக் கேளுங்க. அது அவரோட போன்."

இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, சம்பந்தி. பையனைக் கேட்டேன். காது சிவந்துவிட்டது. "ஏதோ ஒரு லிஃப்ட் நின்னுபோச்சாம்மா, ஆள் மாட்டிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்கு அது எப்போதும் கையோடு இருக்கிற சாக்கு.

தினமும், சாப்பாட்டு நேரத்தில், இவன் போனில், அவள் எதிரில். யார் அது? எனக்குத் தோன்றுகிறதை எழுதக் கை வரவில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. இப்போது அந்த நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இதை நான் யாரிடம் சொல்வது, உங்களைத் தவிர. அவளிடம் நைசாகக் கேட்டுப் பாருங்கள். போனிலேயே கேளுங்கள். எனக்கும் போன் செய்யுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 12

என் அருமைச் சம்பந்திக்கு,

போன் செய்திருப்பேன். இதைச் சொல்லும்போது நீங்கள் குறுக்கே பேசக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் பையன் தங்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கை கால் ஓடவில்லை. நம் பெண்ணின் வாழ்க்கையில் எவளோ ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாளே என்றுதான் எனக்கும் தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால் அவர் குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். தினமும் சாப்பிட்டதும் அதைச் செய்துவிடுவார், நல்ல பழக்கம். திரும்பி வரட்டும் என்று இருக்கப் பொறுமை இல்லாமல் கடிதத்தோடு பின்னாலேயே போனேன்.

ஸ்கூட்டர் நிறுத்துகிற கொட்டகையில் யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பார்த்தால் இவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவருக்குப் பின்பக்கப் பல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு காலை யாருடைய ஸ்கூட்டர் மேலேயோ போட்டுக்கொண்டு, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே மாப்பிள்ளை, மோட்டார்ல ஒண்ணும் இல்ல, கதவு சென்சார்தான் படுத்துது. அப்ப அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் என்னாச்சு? இன்னும் குதிக்குதா?" என்கிறார்.

சம்பந்தி, நாங்கள் குடியிருப்பது தரைத்தளம். இந்த மனிதர் லிஃப்டுக்குள் ஏறவே பயப்படுகிறவர்.

போனைப் பிடுங்கினேன். "மாப்பிள்ளை?" என்றேன். அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம். அப்புறம் என் பெண் குரல் கேட்டது. "கண்டுபிடிச்சாச்சா? நல்லவேளை. அம்மா, கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் இவர்கூட உக்காந்து ஒரு வேளை நிம்மதியா சாப்பிட்டதில்ல. இவர் சாப்பிடறது அப்பாகூடத்தான். நான் சும்மா பரிமாறிட்டுப் பாத்துட்டிருக்கேன். சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அதான் மேஜை போட்டேன். நீயாவது கொஞ்சம் கேளும்மா."

நாம் இரண்டு பேரும் அவளுக்காக வயிறு எரிந்துகொண்டிருந்தோம். அவள் எரிந்துகொண்டிருந்தது அவளுடைய அப்பாவைப் பார்த்து. உங்கள் பையனோ ஊரில் இருக்கிற அத்தனை லிஃப்டையும் என் வீட்டுக்காரருக்குக் கதையாகச் சொல்கிறார். என்னிடம் "ம்" என்பதைத் தாண்டாத மனிதர் அங்கே வாய் வலிக்கப் பேசுகிறார். யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

அவரை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துக் கேட்டேன். மூன்றாவது நாற்காலி, டம்ளர், பச்சை நூல், ஸ்டுடியோ போட்டோ, கயிறு, வாளி, நான் அழுதது, நீங்கள் அழாதது, ஒன்று விடாமல் சொன்னேன். இத்தனை நாள் பேச்சில் எங்களைப் பற்றி மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தையாவது வந்ததா என்றேன். காலிக் குப்பைக் கூடையைக் கீழே வைத்தார். அப்புறம், "உனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்.